வி. கே. ராமசாமி: கரிசல் நிலத்திலிருந்து வந்த முதியவர்

வி. கே. ராமசாமி (1 சனவரி 1926 – 24 டிசம்பர் 2002) தமிழ் நாடக மேடையிலும் திரைப்படத்திலும் அரை நூற்றாண்டுக்கு மேல் நடித்த குணச்சித்திர நடிகர். பெயரின் முன்னெழுத்தான 'வி' அவர் பிறந்த விருதுநகரைக் குறிக்கிறது. வியாபாரி, பண்ணையார், மாமனார், தந்தை, தாத்தா ஆகிய வேடங்களில் அவரைப் பார்த்துப் பழகிய தலைமுறைகள் தமிழ்நாட்டில் பல. திரையில் அறிமுகமானபோது அவருக்கு வயது 21. ஏற்ற வேடமோ அறுபதை ஒட்டிய ஒருவருடையது. அதன்பின் அவர் இளைஞர் வேடங்களை நாடிப் போகவில்லை. கதாநாயகர்கள் தங்கள் வயதை மறைக்கப் பாடுபட்ட ஒரு தொழிலில், இல்லாத வயதைச் சுமந்தே அவர் நிலைத்து நின்றார். அந்த முதுமை எங்கிருந்து வந்தது, அது எந்தெந்த வேடங்களாக மாறியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கரிசல் நிலமும் நாடகமும்

மதுரைக்குத் தெற்கே விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் எனப் பரவிக் கிடப்பது கரிசல் நிலம். வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, மல்லி, மிளகாய் ஆகியவை பயிராகும். மழை பெய்தால் காலை விடாமல் ஒட்டிக்கொள்ளும் இந்த மண், கோடையில் பாளம் பாளமாக வெடித்துவிடும். மானாவாரிப் பயிர்களை ஆராய்வதற்காகக் கோவில்பட்டியில் 1901இலேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. நிலம் வறண்டதாக இருந்தாலும் ஊர்கள் சந்தைகளாக வளர்ந்தன. கோவில்பட்டி பஞ்சாலை ஊராயிற்று. சாத்தூரும் சிவகாசியும் தீப்பெட்டித் தொழிலில் பெயர் பெற்றன. விருதுபட்டி என்று வழங்கிவந்து 1923இல் விருதுநகர் என்று பெயர் பெற்ற ஊரில் பருத்தி, எண்ணெய், பருப்பு, வற்றல் வணிகம் செழித்தது.

விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி ஆகிய ஊர்களை ஒரே கோட்டில் இணைத்தது 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை போடப்பட்ட இருப்புப்பாதை. பஞ்சுப் பொதிகள் போன அதே பாதையில் நாடகக் கம்பெனிகளும் வந்து சேர்ந்தன. திரைச்சீலைகள், உடைப் பெட்டிகள், ஆர்மோனியம், ஐம்பது அறுபது ஆட்கள் ஆகியவற்றைக் கட்டை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகப் போவது கடினம். இரயில் வந்தபின் ஒரு கம்பெனி சாத்தூரில் முகாமை முடித்துக்கொண்டு மறுநாளே கோவில்பட்டியில் கொட்டகை போட முடிந்தது. அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் பங்குனி, சித்திரை மாதங்களில்தான் கோயில் கொடைகளும் வரும். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் அப்படிப்பட்ட பெரிய திருவிழாக்களில் ஒன்று. பார்வையாளர்களும் பணமும் ஒன்றுசேரும் அந்தப் பருவத்தை நாடகக்காரர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

இந்த வட்டாரம் நாடகத்தைப் பார்த்ததோடு நிற்காமல் அதை உருவாக்கியவர்களையும் தந்தது. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர். மேடையில் விடுதலைப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்ற எஸ். எஸ். விசுவநாத தாஸ் சிவகாசியில் 1886இல் பிறந்தவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் நீத்தார். ராமசாமி சிறுவனாக வளர்ந்த காலத்தில் இப்பகுதியின் மக்களுக்கு நாடக நடிகர்கள் தெரிந்த முகங்களாகவும், சில வேளை தலைவர்களாகவும் இருந்தனர்.

பாலர் கம்பெனிப் பயிற்சி

சிறு வயதிலேயே ராமசாமி நாடகத்துக்கு வந்துவிட்டார். அக்காலத்தில் நாடகம் கற்க வாய்ப்பளித்தவை பாலர் நாடகக் கம்பெனிகள் அல்லது பாய்ஸ் கம்பெனிகள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை இவற்றுள் புகழ் பெற்றது. டி. கே. எஸ். சகோதரர்கள் அங்குதான் பயிற்சியைத் தொடங்கினர். பின்னாளில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சிவாஜி கணேசன், காக்கா ராதாகிருஷ்ணன் போன்றோர் வளர்ந்தனர்.

ஏழெட்டு வயதுச் சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி வாழ்ந்தனர். சாப்பாடும் உடையும் கிடைக்கும். பள்ளிப் படிப்பு பெரும்பாலும் நின்றுபோகும். பெற்றோரைப் பார்ப்பது அரிது. மழை பொய்த்த ஆண்டுகளில் ஒரு பிள்ளைக்கு மூன்று வேளைச் சோறு உறுதி என்பதே ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வாத்தியார் பாடம் சொல்ல, பையன்கள் பாட்டையும் வசனத்தையும் நெட்டுருப் போட்டனர். தன் பாடத்தை மட்டும் படித்தால் போதாது. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த வேடத்தை இன்னொருவன் அன்றிரவே ஏற்க வேண்டியிருந்ததால் நாடகம் முழுவதும் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும்.

ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று வேடங்கள் பிரிக்கப்பட்டிருந்தன. உயர்ந்த வேடங்களுக்குப் பாட்டுத் திறன் இன்றியமையாதது. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் மாறுவதை நாடகக்காரர்கள் 'மகரக்கட்டு' என்பார்கள். நேற்றுவரை வள்ளியாகவோ சீதையாகவோ கைத்தட்டல் வாங்கிய பையன், மகரக்கட்டு வந்ததும் மேடை ஓரத்துக்குத் தள்ளப்படுவான். குரல் திரும்பி வருமா வராதா என்பது யாருக்கும் தெரியாது. வராதவர்களில் சிலர் கம்பெனியை விட்டுப் போயினர். சிலர் சமையலறைக்கும் திரை இழுக்கும் வேலைக்கும் போயினர். வேறு சிலர் பேச்சை நம்பி நகைச்சுவை, வில்லன், கிழவர் வேடங்களைப் பிடித்துக்கொண்டனர். தமிழ்த் திரையின் முதல் தலைமுறைக் குணச்சித்திர நடிகர்களில் பலர் இந்தப் பள்ளியில் தேறியவர்களே. பாட்டுக்காரர் கதாநாயகனாக நிற்க, மற்றவர்கள் குரலின் ஏற்ற இறக்கம், நடை, முகபாவம், பேசாமல் நிற்கும் இடைவெளி ஆகியவற்றால் பார்வையாளரைத் தம் பக்கம் திருப்பக் கற்றனர்.

பெரியவர்கள் இல்லாத கம்பெனியில் பெரியவர் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றாக வேண்டும். தசரதனுக்கும் விசுவாமித்திரருக்கும் பன்னிரண்டு வயதுப் பையன் தாடி ஒட்டிக்கொண்டு நிற்பான். எனவே தன் வயதுக்கு மூன்று நான்கு மடங்கு மூத்தவராக நடிப்பது ராமசாமியின் தலைமுறைக்கு வியப்பான செயலன்று, அன்றாடத் தொழில்.

'தியாக உள்ளம்' முதல் 'நாம் இருவர்' வரை

1931இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்ப் பேசும்படம் தொடங்கியது. 1936இல் வெளிவந்த 'சதிலீலாவதி' எம். ஜி. ஆர்., டி. எஸ். பாலையா, என். எஸ். கிருஷ்ணன் ஆகிய நாடகக்காரர்களை ஒருசேரத் திரைக்குக் கொண்டுவந்தது. அதுவரை வேறு பிழைப்பு அறியாத கம்பெனி நடிகர்களுக்கு இது நம்பிக்கையும் கவலையும் ஒன்றாகத் தந்தது. சிலருக்குப் படக் கதவு திறந்தது; ஊர் ஊராகக் கொட்டகைகள் திரையரங்குகளாக மாறியதால் பலருக்கு மேடை பறிபோனது.

1944 இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் என். எஸ். கிருஷ்ணன் கைதானார். அவர் சிறையில் இருந்த ஆண்டுகளில் என். எஸ். கே. நாடக சபையை எஸ். வி. சகஸ்ரநாமம் நடத்தினார். அந்தச் சபை அரங்கேற்றிய நாடகங்களில் ஒன்று ப. நீலகண்டன் எழுதிய 'தியாக உள்ளம்'. அதில் சண்முகம் பிள்ளை என்னும் கள்ளச்சந்தை வியாபாரியாக நடித்தவர் ராமசாமி. நாடகத்தின் உரிமையை ஏவி. மெய்யப்பன் வாங்கி 'நாம் இருவர்' என்ற பெயரில் படமாக்கினார். மேடையில் செய்த அதே வேடத்தைத் திரையிலும் செய்யும் வாய்ப்பு ராமசாமிக்குக் கிடைத்தது.

போர்க்காலத்தில் சென்னையை விட்டு வந்த ஏவி.எம். நிறுவனம் அப்போது காரைக்குடியில் இயங்கியது. 1947 பொங்கலை ஒட்டி வெளிவந்த இப்படத்தில் டி. ஆர். மகாலிங்கம், பி. ஆர். பந்துலு, குமாரி கமலா ஆகியோர் நடித்தனர். பாரதியாரின் பாடல்கள் படத்தில் இடம் பெற்றன. விடுதலை கிடைக்க இன்னும் ஏழு மாதங்கள் இருந்தபோதே விடுதலையைக் கொண்டாடும் பாடல் திரையரங்குகளில் ஒலித்தது. படம் பெரும் வெற்றி பெற்றது. கோவில்பட்டிக்குக் கிழக்கே உள்ள எட்டயபுரத்தில் 1882இல் பிறந்து, அங்கேயே 1893இல் 'பாரதி' என்று பட்டம் பெற்ற கவிஞரின் பாடல்களோடு, அதே கரிசல் நிலத்தின் வடக்கோரத்து நடிகர் ஒருவரின் திரைவாழ்வும் தொடங்கியது.

கள்ளச்சந்தை வியாபாரி

சண்முகம் பிள்ளை வெறும் கதை வில்லன் அல்லர். அந்நாளைய பார்வையாளர்களின் நேரடி அனுபவம். இரண்டாம் உலகப்போரின்போது பர்மா அரிசி நின்றது. உணவுப் பங்கீடு வந்தது. அரிசி, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் பதுக்கப்பட்டன. கடையில் 'இல்லை' என்று சொன்ன வியாபாரி, கொல்லைப்புறத்தில் இரட்டை விலைக்கு விற்பதை மக்கள் கண்கூடாகக் கண்டிருந்தனர். தேசபக்தியைப் பேசும் ஒரு படத்தில் வெள்ளைக்காரனுக்கு அடுத்தபடியாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவன் அவனே.

அவனை மீசை முறுக்கும் கொடியவனாகக் காட்டியிருக்கலாம். ராமசாமி அப்படிச் செய்யவில்லை. அவருடைய வியாபாரி நிதானமானவர், சொற்களை இழுத்துப் பேசுபவர், நயமாகச் சிரிப்பவர். அவர் பொய் சொல்லும்போது பார்வையாளர் சிரிப்பார்கள், அதன்பின் கோபப்படுவார்கள். சந்தை ஊரில் தரகும் பேரமும் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தப் பேச்சுமுறை புதிதன்று. விலையை நேராகச் சொல்லாமல் சுற்றி வளைப்பதும், மறுப்பதைப் போலவே ஒத்துக்கொள்வதும் கமிசன் கடைகளின் அன்றாட மொழி.

1952இல் வெளிவந்த 'பராசக்தி'யிலும் கள்ளச்சந்தைக்காரராகவே அவர் வந்தார். கிருஷ்ணன்–பஞ்சு இயக்கி, மு. கருணாநிதி வசனம் எழுதிய அப்படத்தில் போரால் சிதறிய ஒரு குடும்பத்தின் பெண் அடுத்தடுத்து ஏமாற்றப்படுகிறாள். பணமும் மரியாதையும் உள்ள முதியவர் முகத்தின் பின்னால் இருக்கும் ஆபத்தைக் காட்டும் பொறுப்பு ராமசாமிக்கு வந்தது. 'நாம் இருவர்' காங்கிரசுத் தேசியத்தின் படம். 'பராசக்தி' திராவிட இயக்கத்தின் படம். இருவேறு அரசியல்களும் சமூகத்தின் பேராசையைக் காட்ட ஒரே நடிகரைத் தேடி வந்தன என்பது கவனிக்கத்தக்கது.

எட்டப்பன்

ராமசாமியின் வேடங்களில் அவருடைய வட்டாரத்தை நேரடியாகத் தொட்டது 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959). 'நாம் இருவர்' படத்தில் அவருடன் நடித்த பி. ஆர். பந்துலுவே இதன் இயக்குநர். சக்தி கிருஷ்ணசாமி எழுத, சிவாஜி நாடக மன்றம் மேடையேற்றிய நாடகமே படத்துக்கு அடிப்படை. சிவாஜி கணேசன் கட்டபொம்மனாகவும், ஓ. ஏ. கே. தேவர் ஊமைத்துரையாகவும், வி. கே. ராமசாமி எட்டப்பனாகவும் நடித்தனர். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய–ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி சிறந்த நடிகர் விருது பெற்றார்.

கதை நிகழும் இடங்கள் பல கோவில்பட்டியைச் சுற்றியே உள்ளன. பாஞ்சாலங்குறிச்சி ஓட்டப்பிடாரத்தின் பக்கத்தில் இருக்கிறது. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிடப்பட்ட கயத்தாறு, கோவில்பட்டிக்குத் தெற்கே திருநெல்வேலி சாலையில் இருக்கிறது. எட்டயபுரம் கிழக்கே. அந்தப் போரில் எட்டயபுரம் பாளையம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பக்கம் நின்றது. 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டபின் அதன் நிலங்களில் ஒரு பகுதி எட்டயபுரத்துக்குக் கிடைத்தது. இவை வரலாறு.

ஆனால் 'எட்டப்பன்' என்பது ஒரு தனி மனிதனின் பெயரன்று. எட்டயபுரம் பாளையக்காரர்கள் வழிவழியாகத் தாங்கிய பட்டம். தந்தையை இழந்த சகோதரர்களுக்கு அப்பனாக நின்றதால் வந்தது என்று அரண்மனையின் மரபுக்கதை அதற்கு விளக்கம் சொல்கிறது. அந்த அரண்மனை இசைக்கும் தமிழுக்கும் ஆதரவு தந்தது. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் காலமானது எட்டயபுரத்தில்தான். இத்தனையும் கொண்ட ஒரு பட்டம் பேச்சுவழக்கில் 'காட்டிக்கொடுப்பவன்' என்னும் ஒற்றைப் பொருளுக்குச் சுருங்கியது. கதைப்பாடல்களும் நாடகங்களும் தொடங்கிவைத்த அந்தச் சுருக்கத்தைத் தமிழ்நாடு முழுவதற்கும் கொண்டுபோனதில் திரைப்படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. திரைப்படத்தில் அதற்குக் கிடைத்த முகம் ராமசாமியுடையது.

இங்கே குணச்சித்திர நடிப்பின் வலிமையும் சிக்கலும் ஒன்றாகத் தெரிகின்றன. கள்ளச்சந்தைக்காரரிடம் பயன்படுத்திய அதே நிதானத்தையும் இனிக்கப் பேசும் தன்மையையும் எட்டப்பனுக்கும் அவர் தந்தார். வீரன் உரத்துப் பேசும் படத்தில் துரோகி மெல்லப் பேசினான். வேடம் எவ்வளவு நன்றாகப் பொருந்தியதோ அவ்வளவுக்கு அதன் பின்னாலிருந்த வரலாற்றின் பல பக்கங்கள் மறைந்தன. இதில் நடிகரின் குறை எதுவும் இல்லை. கொடுத்த பாத்திரத்தை அவர் நம்பும்படி செய்தார். வரலாற்றைத் திரைப்படம் வழியாக அறியும் மாணவர் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது நல்லது.

தயாரிப்பாளர்

நடிப்போடு ராமசாமி படத் தயாரிப்பிலும் இறங்கினார். நாடகத்திலிருந்து வந்த மற்றொருவரான ஏ. பி. நாகராஜனுடன் சேர்ந்து ஸ்ரீலட்சுமி பிக்சர்சு என்ற பெயரில் படங்களை எடுத்தார். கே. சோமு இயக்கிய 'மக்களைப் பெற்ற மகராசி' (1957) அவற்றுள் குறிப்பிடத்தக்கது. அதில் சிவாஜி கணேசன் கொங்கு வட்டாரத் தமிழில் பேசி நடித்தார். கதாநாயகன் தூய எழுத்துத் தமிழில் அடுக்குமொழி பேசிய காலத்தில், உழவனை உழவனின் பேச்சோடு காட்டியது துணிவான முயற்சி. எம். ஆர். ராதா நடித்த 'நல்ல இடத்து சம்பந்தம்' (1958) இக்கூட்டணியின் இன்னொரு படம். குணச்சித்திர நடிகரான ராதாவை நடுவில் வைத்து ஒரு குடும்பக் கதையை நகர்த்த முடியும் என்று அது காட்டியது.

இதே காலத்தில் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் 1923இல் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் கரிசல் மக்களின் வாழ்வை எழுத்தில் கொண்டுவந்தனர். கி. ராஜநாராயணன் பின்னர் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார். எழுத்தாளர்களும் ராமசாமியும் வெவ்வேறு துறையினர். ஒருவரையொருவர் பின்பற்றியவர்களும் அல்லர். ஆயினும் தென்மாவட்டச் சிற்றூரின் பெரியவர்கள், அவர்களின் கஞ்சத்தனம், குத்தல் பேச்சு, ஒளித்துவைத்த பாசம் ஆகியவை கதையாகவும் வேடமாகவும் தமிழர்களுக்கு அறிமுகமானது ஒரே தலைமுறையில்தான்.

வயது வேடத்தை எட்டிய காலம்

சிவாஜி கணேசன் 1928இல் பிறந்தவர். ராமசாமியைவிட இரண்டு வயதுக்கு மேல் இளையவர். ஆனால் 'பட்டிக்காடா பட்டணமா' (1972) படத்தில் சிவாஜியின் தாய்மாமனாகவும் கதாநாயகி ஜெயலலிதாவின் தந்தையாகவும் ராமசாமி நடித்தார். பட்டணத்து மோகம் கொண்ட மனைவிக்கும் கிராமத்து மருமகனுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு விழிக்கும் அந்த மனிதரைப் பார்த்த எவருக்கும் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது என்று தோன்றியிராது.

1950களில் அச்சமூட்டிய முதியவர் 1970களில் சிரிக்கவைக்கும் முதியவராக மாறினார். 'ருத்ர தாண்டவம்' (1978) படத்தில் அவருக்குச் சிவபெருமான் வேடம். நாகேஷ் கோயில் அர்ச்சகராக நடித்த அப்படத்தில் கடவுளே அலுத்துக்கொள்ளும் வீட்டுப் பெரியவரைப் போலப் பேசினார். புராண நாடகங்களில் தொடங்கிய ஒருவர், புராணத்தையே கேலியாகத் திருப்பிப் பார்க்கும் படத்துக்கு வந்து சேர்ந்தார்.

மேடை மரபின் தலைமுறை மறைந்தபின்னும் அவருக்கு வேலை குறையவில்லை. மணிரத்னம் இயக்கிய 'மௌன ராகம்' (1986), 'அக்னி நட்சத்திரம்' (1988) படங்களில் புதிய காலத்து நகரக் கதைகளுக்குள் அவர் எளிதாகப் பொருந்தினார். எஸ். பி. முத்துராமன் இயக்கிய 'வேலைக்காரன்' (1987) படத்தில் ரஜினிகாந்தின் தாத்தாவாக நடித்தபோது அவருக்கு 61 வயது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் சண்முகம் பிள்ளையாக அவர் போட்ட வேடத்தின் வயதை அப்போதுதான் அவரே அடைந்திருந்தார். தம் வாழ்க்கையை 'எனது கலைப்பயணம்' என்னும் நூலாகவும் அவர் எழுதினார். 2002 டிசம்பர் 24 அன்று சென்னையில் காலமானார்.

மதிப்பீடு

தமிழ்த் திரைப்பட வரலாறு பெரும்பாலும் கதாநாயகர்களின் காலங்களாகவே எழுதப்படுகிறது. பாகவதர் காலம், எம். ஜி. ஆர்.–சிவாஜி காலம், ரஜினி–கமல் காலம் என்று பிரிக்கும்போது இம்மூன்றில் இரண்டிலும் தொடர்ந்து நடித்த ராமசாமி போன்றோர் எந்தப் பிரிவிலும் தனியாக இடம் பெறுவதில்லை. ஆனால் காலங்களை இணைத்தவர்கள் இவர்களே. டி. ஆர். மகாலிங்கத்தோடு நடித்தவரே ரஜினிகாந்தோடும் நடித்தார். மகரக்கட்டும் மனப்பாடமும் கற்பித்த கம்பெனிப் பயிற்சி, ஒலிவாங்கியும் வண்ணப்படமும் வந்தபின்னும் அவருடைய குரலில் தொடர்ந்து வேலை செய்தது.

அந்தப் பயிற்சிக்குக் கொடுத்த விலையையும் மறக்கக் கூடாது. பிள்ளைப் பருவத்தையும் பள்ளிப் படிப்பையும் இழந்த எத்தனையோ சிறுவர்களில் மேடையைத் தாண்டித் திரைக்கு வந்தவர்கள் மிகச் சிலர். பெயர் தெரியாமல் போனவர்களும் அதே வசனத்தை, அதே விளக்கொளியில் நெட்டுருப் போட்டவர்கள்தாம். வி. கே. ராமசாமியின் வாழ்க்கையைப் படிப்பது அவர்களின் உழைப்பையும் சேர்த்துப் படிப்பதாகும். மழை தவறிய மண்ணில் சந்தையும் இரயிலும் திருவிழாவும் சேர்ந்து நாடகத்தை வளர்த்தன. நாடகம் ஒரு சிறுவனை முதியவனாக்கியது. அந்த முதியவரைத் தமிழ்க் குடும்பங்கள் அரை நூற்றாண்டுக் காலம் தம் வீட்டுப் பெரியவராகவே ஏற்றுக்கொண்டன.